துப்பட்டாவுக்குள் கோத்த கை

ஒருத்தியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகிறோம். அவள் ஓடிவிடக் கூடாது என்று பிடித்திருக்கிறோமா, அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பிடித்திருக்கிறோமா?

காவல்துறை வேலையில் இருந்தபோதும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு கோவில்பட்டியில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு வீட்டோடு இருக்கும் இப்போதும் தெரியவில்லை.

கண்ணை மூடினால் அந்தப் பேருந்து வந்துவிடுகிறது. மூன்று பேர் உட்காரும் இருக்கை. சன்னலோரம் நான், நடுவில் அவள், நடைவழிப் பக்கம் காக்கியில் எங்கள் ஏட்டம்மா. என்னுடைய பச்சைத் துப்பட்டா என் மடியிலிருந்து அவள் மடிவரை விரிந்து கிடக்கிறது. அதற்குள் என் இடது கையும் அவளுடைய வலது கையும் விரல் கோத்துக் கிடக்கின்றன. அவள் உள்ளங்கை சூடாக இருக்கிறது. வியர்வை யாருடையது என்று தெரியவில்லை.

வெளியே காற்றாலைகள் சுற்றுகின்றன. சத்தமே இல்லாமல், தூக்கத்தில் கை வீசுகிறவர்களைப் போல.

அவளைப் பேச்சி என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. அவள் ஊரையும் நான் எழுதப்போவதில்லை; எட்டயபுரம் சாலையில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோட்டி, ஆனா நான் பஸ்ல குறட்டை விட்டேன்னு மட்டும் எழுதிராத" என்றார்.

விலங்குக்குப் பதில்

பெண்களுக்கு நாங்கள் விலங்கு மாட்டுவதில்லை. விலங்குக்குப் பதில் எங்கள் கைதான். நாலு விரலை அவர்களுடைய விரல்களுக்குள் கோத்து, கட்டை விரலை மேலே அழுத்தி வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சிப் பள்ளியில் நாங்கள் இதை ஒருவர்மேல் ஒருவர் செய்து பழகினோம். மைதானத்தில் ஜோடி ஜோடியாகக் கை கோத்துக்கொண்டு நடப்போம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது பார்த்தால் கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து உலாத்துகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கைது செய்யப்பட்டவரின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் அவரை அழைத்துச் செல்லும் காவலரே பொறுப்பு. இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். உடல்நலம் என்றால் எதுவரை என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. கீறல் இல்லாமல் ஒப்படைத்தால் போதுமா? பசி சேருமா? மனசு சேருமா?

காவலில் இருப்பவர்களுக்கு நடக்கும் கொடுமைகளைப் பற்றிச் செய்திகளில் வரும் நாட்களில், பேருந்தில் எங்கள் காக்கியைப் பார்க்கும் கண்கள் வேறு மாதிரி இருக்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. நானே யூனிபார்ம் போடாத நேரத்தில் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

ஏட்டம்மா இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். பெண்களைப் பேருந்தில் கொண்டுபோனால் ஒருத்தர் காக்கியில் இருப்பார், கை கோத்திருப்பவர் சாதாரணச் சுடிதாரில் இருப்பார். கோத்த கைமேல் துப்பட்டா. "கேஸு கோர்ட்டுல நடக்கட்டும். பஸ்ஸுல எதுக்கு நடக்கணும்?" என்பார். கூட்டிப்போகிறவளுக்குச் சன்னலோர இருக்கையை மட்டும் தர மாட்டார்.

அன்றைக்குப் பாஞ்சாலங்குறிச்சி விழா பந்தோபஸ்து. ஸ்டேஷன் வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போயிருந்தன. அதனால்தான் பேருந்து.

வெறும் கயிறு

பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருந்த புதிது. என் மகள் நேத்ராவுக்கு எட்டு மாதம். காலையில் கிளம்பும்போது அழமாட்டாள், அதுதான் இன்னும் கஷ்டம். என் மாமியாரின் தோளிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளாடைக்குள் மடித்த பருத்தித் துணியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். நேரம் தப்பினால் துணி நனைந்துவிடும்.

பேச்சியின் வழக்கு பெரிய வழக்கு ஒன்றும் இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது ஓரகத்தியோடு சண்டை. யார் குடத்தை யார் நகர்த்தினார்கள் என்று தொடங்கி, பழைய கதையெல்லாம் வெளியே வந்து, கடைசியில் பேச்சி எவர்சில்வர் குடத்தைத் தூக்கி வீசியிருக்கிறாள். ஓரகத்தியின் நெற்றி பிளந்துவிட்டது. தையல் போடும்படி ஆகிவிட்டது. பேச்சியின் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்.

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது அவள் குளித்து, தலை சீவி, புடவை கட்டி, வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்காகக் காத்திருந்தவள் மாதிரி.

"வருவீங்கன்னு தெரியும். போவமா?" என்றாள்.

வீட்டுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டு வரும்படி ஏட்டம்மா என்னை அனுப்பினார். ஒரே அறை. தரை மெழுகியது போலச் சுத்தமாக இருந்தது. உத்தரத்திலிருந்து ஒரு கயிறு மட்டும் வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். என் வீட்டிலும் அதே மாதிரி ஒரு கயிறு, அதில் என் பழைய சேலை, அதற்குள் நேத்ரா. அப்படியிருந்தும் சேலை இல்லாத கயிறு என் கண்ணுக்கு வெறும் கயிறாகத்தான் தெரிந்தது.

ஆட்டோ வரும்வரை ஊர்க்காரர்கள் கூடி நின்றார்கள். நெற்றியில் கட்டோடு ஓரகத்தியும் நின்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்டார், "உடம்புக்கு எதுவும் பண்ணுதா?" பேச்சி இல்லை என்று தலையாட்டினாள். மாஜிஸ்திரேட் கேட்டார், "போலீஸ் அடிச்சாங்களா? ஏதாவது சொல்லணுமா?" அதற்கும் தலையாட்டினாள். பதினைந்து நாள் ரிமாண்ட். திருநெல்வேலியில் பெண்கள் சிறை. சாயங்காலம் கதவு அடைப்பதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கதவைப் பார்க்கிறாள்

வழிக்காவலுக்குப் போகிற நாளில் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. கூட வருகிறவர்களையும் குடிக்கவிடுவதில்லை. கொடுமைக்காக இல்லை, நடுவழியில் எங்கே இறங்குவது? ஒருத்தி இறங்கினால் மூன்று பேரும் இறங்க வேண்டும்.

ஆனால் அன்று நான் பையில் ஒரு பாட்டில் வைத்திருந்தேன். பால் கொடுக்கிறவளுக்கு எடுக்கிற தாகம் வேறு மாதிரி. பேருந்து ஊரைத் தாண்டியதும் பேச்சி அந்தப் பாட்டிலைக் கண்டுகொண்டாள்.

"மேடம், ஒரு வாய்."

கொடுத்தேன். ஒற்றைக் கையால் தூக்கி, மூச்சுவிடாமல், அடிவரை குடித்துவிட்டாள். ஏட்டம்மா பார்த்தார்.

"ஏட்டி, பாட்டிலையாவது மிச்சம் வச்சாளா?"

சித்திரை வெயில். உழுது போட்டிருந்த கரிசல் காடு இருபுறமும் வாய் பிளந்து கிடந்தது. சில காடுகளில் பிடுங்காத பருத்திமார் குச்சி குச்சியாக நின்றது. எங்கோ கரிமூட்டம் போட்டிருந்தார்கள். அந்தப் புகை வாசனை பேருந்துக்குள் வந்து எங்களோடு கொஞ்சதூரம் பயணம் செய்துவிட்டு இறங்கிப்போனது. மேற்கே மலை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நீலம்.

கயத்தாறு நெருங்க நெருங்கக் காற்றாலைகள் அதிகமாகும். என் கணவருக்கு அவற்றில் பராமரிப்பு வேலை. எந்தக் காற்றாலையின் உச்சியில் இப்போது ஏறியிருப்பாரோ என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். அவ்வளவு உயரத்தில் இருப்பவரைக் கீழே இருந்து பார்க்க முடியாது. ஆனாலும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். இடுப்புக் கயிற்றை மாட்டியிருப்பார் அல்லவா, மாட்டியிருப்பார், என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். போலீஸ் வேலைக்குப் போன பயந்தாங்கொள்ளி என்று என் தம்பி கேலி செய்வான்.

ஏட்டம்மா பேச்சியின் தலைக்குப் பின்னால் சாய்ந்து என் காதில் சொன்னார்: "ஏட்டி கௌரி, ஏறுனதுலேருந்து கதவையே பாத்துக்கிட்டு வாரா. புடிய விட்டுராத."

ஆமாம், பேச்சியின் முகம் இடது பக்கமே திரும்பியிருந்தது. ஏட்டம்மாவைத் தாண்டி, நடைவழியைத் தாண்டி, படிக்கட்டுப் பக்கம். நான் பிடியை இறுக்கினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வலிக்கி மேடம்."

கொஞ்சம் தளர்த்தினேன். ஒரு நிமிஷம் கழித்து, தளர்த்தியது தப்போ என்று மறுபடி இறுக்கினேன். அவள் மறுபடியும் இடது பக்கம் பார்த்தாள்.

முன் இருக்கை

கயத்தாறில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். எங்களுக்கு முன் இருக்கையில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் தோளில் ஒரு பை, இடுப்பில் குழந்தை, கையில் ஒரு கூடை. உட்காரும் முன் பையை எங்கள் பக்கம் நீட்டினாள்.

"யக்கா, இதைக் கொஞ்சம் புடிங்க."

பேச்சி இடது கையை நீட்டினாள். நான் வலது கையை நீட்டினேன். பை இரண்டு பேரிடமும் சிக்காமல் நடுவில் ஆடியது. அந்தப் பெண் எங்கள் மடியைப் பார்த்தாள்.

"அதென்ன, ரெண்டு பேரும் கையப் புடிச்சிக்கிட்டே வாரீங்க? அக்கா தங்கச்சியா?"

என்ன சொல்வது என்று ஏட்டம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, யாரோ எவரோ போலத் தலையைச் சாய்த்திருந்தார்.

பேச்சிதான் பதில் சொன்னாள்.

"ஆமா, இவ சின்னவ. பஸ்ஸுன்னா பயம். தலை சுத்தும், வாந்தி வரும். பொறந்ததுலேருந்து இப்படித்தான், கைய விடமாட்டா."

"இம்புட்டு வளந்தப் பெறவுமா?"

"கல்யாணம் ஆயிட்டு. இன்னும் மாறல."

அந்தப் பெண் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தாள். "எலுமிச்சங்காய மோந்துக்கிட்டே வரணும்க்கா" என்று எனக்கு வைத்தியம் சொன்னாள். நானும் தலையாட்டினேன். ஏட்டம்மாவின் மூடிய கண்ணுக்குக் கீழே கன்னம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

பேருந்து கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் குழந்தை அழ ஆரம்பித்தது.

பசி அழுகை தனி. முதலில் சிணுங்கல், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு மூச்சைச் சேர்த்து ஒரே வீச்சில். அந்த நிறுத்தத்திலேயே எனக்கு மார்பு குத்தெடுத்துவிட்டது. ஊசியால் பல இடத்தில் ஒரே சமயம் குத்துவது போல. துணி நனைவது தெரிந்தது. வலது கையை மடக்கி மார்போடு அழுத்திக்கொண்டேன். பால் கொடுக்கிற யாருக்கும் தெரியும், அழுவது யார் குழந்தை என்று உடம்புக்குத் தெரியாது.

தற்செயலாகத் திரும்பினேன்.

பேச்சி தன் இடது கையை மடக்கி மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். முந்தானை ஓரத்தில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. முன் இருக்கைக்காரி குழந்தையை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டாள். அழுகை நின்றது. எங்கள் இருவருக்கும் நிற்கவில்லை.

உத்தரத்தில் தொங்கிய கயிறு எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எத்தன மாசம்?" என்று கேட்டேன்.

"என்னது?"

"பேச்சி. எத்தன மாசம்?"

அவள் வாய் திறப்பதற்குள் கங்கைகொண்டான் வந்து போய்விட்டது என்று நினைக்கிறேன்.

"அஞ்சு. பொம்பளப் புள்ள."

"எங்க இருக்கு?"

அவள் இடது பக்கம், படிக்கட்டுப் பக்கம், கதவுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த கிழக்கைப் பார்த்தாள். "குளத்தூர்ல, எங்கம்மாகிட்ட. நேத்து சண்ட முடிஞ்ச கையோட என் தம்பிய வரச்சொல்லிக் குடுத்துவிட்டுட்டேன். போலீஸு வருமுன்ன போயிரணும்னு. தொட்டிச் சேலையையும் அவுத்துக் குடுத்துட்டேன், அதுலதான் தூங்கும்."

"ஏன் சொல்லல? டாக்டர் கேட்டாரே. கோர்ட்டுல கேட்டாங்களே."

"சொன்னா அதையும் கொண்டாந்து உள்ள போட்டிருவாவ. பொம்பளப் புள்ள மேடம். ஜெயிலுக்குப் போன புள்ளன்னு பேரு விழுந்துரும். நாளப்பின்ன..." அவள் முடிக்கவில்லை. "ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல, பாத்தீங்கல்லா? மண்டைய ஒடச்சிக்கிட்டு நின்னாளே, அவகூட சொல்லல."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஓரகத்தியைப் பற்றிய பெருமை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது.

எனக்குத் தெரிந்த விதியைச் சொன்னேன். தாயோடு குழந்தை இருக்கலாம், ஆறு வயதுவரை அனுமதி உண்டு, பால் தருவார்கள், குழந்தை கைதியாகாது, தண்டனை இல்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒங்க புள்ளையா இருந்தா கொண்டுட்டு வருவீங்களா?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க யக்கா" என்றாள். அதுவரை மேடம் என்றவள். துப்பட்டாவுக்குள் அவள் கை என் கையை இறுக்கியது. யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

திறந்திருந்த கதவு

திருநெல்வேலியில் இறங்கியபோது அவள் நெற்றி கொதித்தது. தோளைத் தூக்க முடியவில்லை. மார்பு கல்லாகிவிட்டது என்றாள். முந்தைய நாள் சாயங்காலம் கொடுத்த பால்தான் கடைசி.

பேருந்து நிலையக் கழிப்பறைக்கு அழைத்துப் போனேன். ஏட்டம்மா வாசலில் நின்றார். உள்ளே போனவர்கள் தாழ்ப்பாள் போடக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் முறை. உள்ளே போய் எதையாவது செய்துகொண்டுவிட்டால்? அதனால் கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு நிற்போம். கையை விடலாம் என்று விதி. அவள் விடவில்லை.

பீய்ச்சுகிற சத்தம் கேட்டது. சிமெண்டுத் தரையில் மெல்லிய தூறல் போல. வலியில் பல்லைக் கடிக்கும் சத்தமும் கேட்டது. நான் எதிர்ச்சுவரில் இருந்த ஈரக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முதலில் ஒரு குளம் மாதிரி இருந்தது, பிறகு ஒரு ஆடு மாதிரி. பினாயில் நெடிக்கு நடுவில் பால் வாசனை வந்தது. அது என்னுடையதாகவும் இருக்கலாம்.

"வீணாப் போவுது" என்றாள் அவள், உள்ளே இருந்து. அழவில்லை. கணக்குச் சொல்வது போலவும் இல்லை. சும்மா சொன்னாள்.

ஆட்டோவில் போகும்போது முழுக்க எனக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடு, இவளுக்குக் காய்ச்சல் ஏறினால் யார் பொறுப்பு, குளத்தூரில் ஒரு குழந்தை சங்கில் எதையோ குடித்துக்கொண்டு கிடக்கிறது. சொல்லாதே, அவள் உன்னைத்தான் நம்பிச் சொன்னாள், உன்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கைதியின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் காவலரே பொறுப்பு. சரி, குழந்தையின் பெயருக்கு யார் பொறுப்பு?

சிறைவாசல்

உள்ளே எடுத்துக்கொள்ளும் முன் ஒரு பெண் அதிகாரி கேட்கும் கேள்விகள் உண்டு. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த அம்மா தலை நிமிராமல், கோபம் இல்லாமல், வரிசையாகக் கேட்டார்.

"காயம் ஏதாவது?"

"இல்ல."

"மாத்திரை சாப்பிடுதியா?"

"இல்ல."

"கர்ப்பமா?"

"இல்ல."

"கைக்குழந்தை இருக்கா?"

பேச்சியின் விரல்கள் என் விரல்களுக்குள் இறுகின.

"இல்ல" என்றாள்.

அந்த அம்மா அடுத்த கேள்விக்குப் போகப்போனார்.

"இருக்கு மேடம்" என்றேன் நான். "அஞ்சு மாசம். குளத்தூர்ல பாட்டிகிட்ட இருக்கு. இவங்களுக்குப் பால் கட்டியிருக்கு. காய்ச்சல் இருக்கு, டாக்டர் பாக்கணும்."

என் குரல் ரொம்பச் சத்தமாகக் கேட்டது. மின்விசிறிகூட நின்றுவிட்டது போல இருந்தது.

பேச்சி என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக என் விரல்களிலிருந்து எடுத்தாள். காலையிலிருந்து நான்தான் அவளைப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் விட்ட பிறகு என் கை அப்படியே கோத்த நிலையில் காற்றில் நின்றது.

உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் ஏட்டம்மா ஒரு பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் வாங்கி உடைத்துப் பாதியை என்னிடம் கொடுத்தார்.

"நான் தூங்கலட்டி" என்றார். "கயத்தார்லேருந்தே கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்."

"பெறகு நீங்க ஏன் சொல்லலக்கா?"

"நீ சொல்லுதியான்னு பாத்தேன்."

"நான் சொல்லலன்னா சொல்லியிருப்பீங்களா?"

மிட்டாயைக் கடித்து, வெகுநேரம் மென்றார். "தண்ணி இருக்கா?" என்று கேட்டார். பாட்டிலைத் தலைகீழாகக் காட்டினேன். "அதையும் அவதான் குடிச்சிட்டாளே" என்று சிரித்தார். அண்மையில் போனில் பேசியபோதும் கேட்டேன். "வயசாயிட்டுட்டி, மறந்துபோச்சு" என்றார்.

குழந்தையை ஓரிரு நாளில் குளத்தூரிலிருந்து பேச்சியின் அம்மா கொண்டுவந்து விட்டதாகக் கேள்விப்பட்டேன். பேச்சிக்குச் சீழ் வைக்காமல் காய்ச்சல் இறங்கியதாம். முதல் ரிமாண்டுக்குப் பிறகும் நீட்டிப்பு வந்து, சில வாரம் கழித்து ஜாமீன் கிடைத்தது. பிற்பாடு ஊரில் சமாதானம் பேசி, ஓரகத்தியே வந்து சொல்லி, வழக்கும் முடிந்தது. அந்தச் சில வாரத்தில் குழந்தை அங்கேதான் குப்புற விழப் பழகியதாம். அங்கே இருந்த பெண்களெல்லாம் அதைச் சுற்றி உட்கார்ந்து கை தட்டினார்களாம். யாரோ சொன்னது. உண்மையாகவே இருக்கட்டும்.

பள்ளி வாசல்

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

நேத்ரா இப்போது யுகேஜி. இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தைதான் அவளுடைய உயிர்த்தோழி. தினமும் அந்தப் பெயர்தான். அவள் பென்சில், அவள் ரிப்பன், அவள் கொண்டுவந்த சேவு. ஒருநாள் சாயங்காலம் வாசலில் நேத்ரா கை நீட்டிக் காட்டினாள். "அதோ, அவதாம்மா."

அந்தக் குழந்தையைக் கூட்டிப்போக வந்து நின்றது பேச்சி.

கணவர் திருப்பூரிலிருந்து வந்துவிட்டாராம், இங்கே தீப்பெட்டி ஆபீசில் வேலையாம். புதியம்புத்தூர்க் கடைகளுக்கு அவள் வீட்டிலிருந்தே பாவாடை தைத்துக் கொடுக்கிறாளாம். இதெல்லாம் நேத்ரா சொல்லித்தான் தெரியும். பேச்சி என்னைப் பார்த்தாள். தெரிந்ததாகவும் காட்டவில்லை, தெரியாததாகவும் காட்டவில்லை. அதன் பிறகு தினமும் அப்படித்தான். நான் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

போய்ப் பேசலாம்தான். ஆனால் நான் போலீசில் இருந்தவள் என்று அந்த வாசலில் நிற்கும் எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். "அவிய உங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று ஒருத்தி சும்மா கேட்டால் போதும். அன்று பேருந்தில் எனக்காக ஒரு பொய் சொல்லத் தெரிந்தவள் அவள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. முகத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் குழந்தைக்கு விழக் கூடாது என்று அவள் பயந்த அந்தப் பெயர், இத்தனை வருஷம் கழித்து, என் வாயால் விழுந்துவிடுமோ?

பேசாமலே இருக்கலாம். ஆனால் அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள்? ஜெயிலுக்குப் போனவள் என்று நான் ஒதுங்குவதாக நினைத்தால்?

இந்த மாதக் கடைசியில் நேத்ராவின் பிறந்தநாள். "அவள மட்டுமாவது கூப்பிடும்மா" என்று ஒரே பிடிவாதம். "நீ போய் அவங்கம்மாகிட்டச் சொல்லு. நீ சொன்னாத்தான் அனுப்புவாங்க" என்கிறாள். ரோட்டைக் கடக்கும்போது நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறேன். "அம்மா, கை வலிக்குதும்மா, விடு" என்கிறாள். எனக்கு அந்தப் பிடிதான் வரும் போலிருக்கிறது.

பேச்சி தன் மகளை அப்படிப் பிடிப்பதில்லை. கவனித்திருக்கிறேன். ஒற்றைச் சுண்டுவிரலை மட்டும் நீட்டுகிறாள். குழந்தை அதைப் பிடித்துக்கொள்கிறது. லாரிகள் போகிற ரோடு. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே கடந்து போய்விடுகிறார்கள்.

இதைப் படிக்கும் அம்மாக்களைக் கேட்கிறேன். எப்போதாவது அந்தச் சிறைவாசலுக்குள் போய்த் திரும்பியவர்கள் இதைப் படித்தால், உங்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன். உங்கள் ரகசியம் தெரிந்த ஒருத்தி பள்ளி வாசலில் நின்றால், அவள் வந்து பேச வேண்டும் என்று நினைப்பீர்களா, மரத்துக்கு அந்தப் பக்கமே நிற்கட்டும் என்று நினைப்பீர்களா? பிறந்தநாளுக்கு அந்தக் குழந்தையை நான் கூப்பிடலாமா? கூப்பிட்டால், பேச்சியிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்ல?

பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். கடைசி வாரத்துக்குள் எழுதினால் நல்லது. நேத்ரா தினமும் கேட்கிறாள்.